குகைவாழ் கரடியும் குழிவாழ் நரியும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ நடுவழியில் அமைந்திருக்கிறது கீழ்பென்னாத்தூர். பேருந்தில் செல்வோர் பெரும்பாலும் இவ்வூரைச் சன்னல் வழியே ஒருமுறை பார்த்துவிட்டுக் கடந்து போகின்றனர். மேற்கே 814 மீட்டர் உயரத்தில் அண்ணாமலை நிற்கிறது. கிழக்கே இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்துச் செஞ்சிக் கோட்டை நிற்கிறது. புகழ்பெற்ற இவ்விரு காட்சிகளுக்கும் இடையே விரிந்து கிடக்கும் இந்த எளிய சமவெளியை நின்று நோக்குவார் யார்?

ஆயினும், நின்று நோக்குவோருக்கு இந்நிலம் சொல்லும் செய்திகள் பல. ஏரியும் ஏரிக்குக் கீழே கழனியும். மேட்டு நிலத்தில் மானாவாரிக் கொல்லைகள். கொல்லைகளுக்கு இடையே பயிரிடப்படாத கரம்பு. ஆங்காங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற பாறைக் குன்றுகள். வடமேற்கே தொலைவில், நீல நிறத்தில் நீண்டு கிடப்பது ஜவ்வாது மலைத்தொடர். மலையும் பாறையும் ஒருபுறம், கொல்லையும் கரம்பும் மறுபுறம் என இம்மாவட்டமே இரண்டு உலகங்களாகப் பிரிந்து கிடக்கிறது. இவ்விரண்டு உலகங்களுக்கும் உரிய இரண்டு விலங்குகளைப் பற்றியே இக்கட்டுரையில் வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றோம். ஒன்று மலைக்குகையில் வாழும் கரடி. மற்றொன்று கொல்லைமேட்டில் குழி தோண்டி வாழும் குள்ளநரி.

குழந்தைகளின் கதைகளில் இவ்விரண்டும் அடிக்கடி சந்திக்கின்றன. கரடி மூடனாகவும் நரி வஞ்சகனாகவும் அக்கதைகளில் வருவர். உண்மை வேறு. கரடி மூடனுமன்று, நரி வஞ்சகனுமன்று. படைத்தவர் கொடுத்த உடலையும் அறிவையும் கொண்டு பிழைப்பு நடத்தும் இரு குடும்பங்கள் இவை, அவ்வளவே.

பெயர் சூட்டிய ஒருவர்

முதலில் ஒரு வியப்பான செய்தி. நம் நாட்டுக் கரடிக்கும் நம் நாட்டுக் குள்ளநரிக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர் ஒருவரே. இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஷா என்னும் இயற்கை நூலறிஞர் 1791-இல் கரடியையும், 1800-இல் குள்ளநரியையும் உலகுக்கு விவரித்தார்.

கரடியைப் பொறுத்தவரை அவர் பெரியதோர் இடறலுக்கு உள்ளானார். நீண்ட வளைந்த நகங்களையும் பற்களின் அமைப்பையும் கண்டு, தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கும் அசமந்த விலங்கின் இனமே இதுவென்று கருதிவிட்டார். ‘கரடி போன்ற அசமந்தம்’ என்பதே அவர் இட்ட பெயரின் பொருள். இது அசமந்தமன்று, கரடியே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1793-இல் மேயர் என்னும் ஜெர்மானியர் ‘தேன் கரடி’ எனப் பொருள்படும் மெலர்சஸ் என்ற இனப்பெயரை வழங்கினார். ஆயினும் ஆங்கிலத்தில் இன்றளவும் இதற்கு ‘ஸ்லாத் பேர்’, அதாவது சோம்பல் கரடி என்பதே பெயர். மனிதனைக் காட்டிலும் விரைவாக ஓடவும், மரம் ஏறவும், ஓர் இரவில் பல புற்றுகளைத் தோண்டவும் வல்ல விலங்குக்குச் சோம்பேறி என்று பெயர்! பெயரை வைத்து எவரையும் எடை போடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் முன்னோர் இத்தவற்றுக்கு ஆளாகவில்லை. சங்கப் புலவர்கள் கரடியை ‘எண்கு’ என்று அழைத்தனர். எண்குகள் கூட்டமாகச் சென்று கறையான் புற்றைத் தோண்டுவதையும், இருப்பைப் பூவைத் தின்பதையும் அகநானூற்றுப் புலவர்கள் நேரில் கண்டவர்களாகவே பாடியிருக்கின்றனர். இருப்பை என்பது இன்று நாம் இலுப்பை என்று அழைக்கும் மரமே. ‘குறுநரி’ என்ற சொல்லும் பழந்தமிழில் உண்டு.

நரி என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை. நம் நாட்டுப்புறங்களில் இரண்டு வேறு விலங்குகள் நரி என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன. இரவில் கூட்டமாக ஊளையிடுவது ஒன்று. அது 8 முதல் 10 கிலோ எடையுள்ள பெரிய நரி. ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கிய உறவு. மற்றொன்று அதனினும் மிகச் சிறியது. ஊளையிடாமல், குறுகிய கீச்சுக்குரலில் விட்டுவிட்டுக் கத்துவது. இச்சிறியதைச் சில ஊர்களில் குள்ளநரி என்றும், சில ஊர்களில் குழிநரி என்றும், சேலம் பகுதியில் வங்காநரி என்றும் வழங்குவர். இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய உண்மையான நரி இதுதான். இமயத்தின் அடிவாரம் தொடங்கித் தென் தமிழகம் வரை வாழ்கிறது, இலங்கையில் இல்லை. நாம் இங்கே பேசுவது இக்குள்ளநரியைப் பற்றியே.

உருவத்தில் மலையும் மடுவும்

உருவத்தை ஒப்பிட்டால் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ளது போன்றது. வளர்ந்த ஆண்கரடி 80 முதல் 145 கிலோ வரை எடை இருக்கும். பெண்கரடி 55 முதல் 95 கிலோ வரை. குள்ளநரியோ 2 முதல் 4 கிலோ வரைதான். நம் வீட்டுப் பூனையை ஒத்த எடை. முப்பது நாற்பது நரிகளைத் தராசின் ஒரு தட்டில் ஏற்றினால்தான் மறுதட்டில் நிற்கும் ஆண்கரடி ஒன்றுக்கு ஈடாகும்.

கரடியின் உடல் முழுதும் நீண்ட கரிய சடைமயிர். மார்பில் ஆங்கில எழுத்து ‘வி’ போன்றதொரு வெண்குறி. பின்பாதம் முழுவதும் நிலத்தில் படியும்படி, மனிதனைப் போல ஊன்றி நடக்கும். எனவே அதன் அடிச்சுவடு ஈரமண்ணில் மனிதக் குழந்தையின் காலடி போலத் தோன்றி, காட்டுவழி செல்வோரைத் திகைக்க வைப்பதுண்டு. முன்கால் நகங்கள் 8 சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டு வளைந்திருக்கும். பூனைக்கு இருப்பதைப் போல உள்ளே இழுத்துக்கொள்ள இயலாது.

குள்ளநரியோ மண் நிறமும் சாம்பல் நிறமும் கலந்த மெல்லிய உடலினது. தலையும் உடலும் சேர்ந்து ஒன்றரை அல்லது இரண்டடி நீளம். அந்நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட அடர்ந்த வால், வால்நுனி கருமை. விரல்களை மட்டும் ஊன்றி, ஓசையின்றி நடக்கும். ஓடும்போது வாலைப் பின்னே நீட்டி, திடீரெனத் திசை மாறும். துரத்தும் நாய் நேராக ஓடிக்கொண்டிருக்க, இது வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

இத்தனை வேற்றுமைகள் இருந்தும், இரண்டும் உறவினங்களே என்று கூறுகின்றனர் விலங்கியலார். ஊனுண்ணிகளின் பெருங்குலத்தில் பூனைக் கிளை, நாய்க் கிளை என இரு பிரிவுகள் உள. புலி, சிறுத்தை, கீரி ஆகியவை பூனைக் கிளையினைச் சேர்ந்தவை. நாய், நரி, கரடி மூன்றும் நாய்க் கிளையினைச் சேர்ந்தவை. ஆகவே, கரடிக்குப் புலியைக் காட்டிலும் நரியே நெருங்கிய உறவு.

கறையான் பந்தி

ஊனுண்ணிக் குலத்தில் பிறந்தும், நம் கரடி ஊனை விரும்புவதில்லை. கறையான், எறும்பு, தேன், பழங்கள் ஆகியவையே அதன் உணவு. உலகில் உள்ள எட்டுவகைக் கரடிகளுள், கறையானையும் எறும்பையும் முதன்மை உணவாகக் கொண்டது இது ஒன்றே. அதற்கேற்ற கருவிகளை இயற்கை அதற்கு வழங்கியிருக்கிறது. மேல்தாடையின் முன்பற்களில் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு பற்கள் இதற்கு இல்லை. அந்த இடைவெளியே ஒரு குழாய் வாய். நகத்தால் புற்றை உடைத்து, முதலில் வாயால் ஊதித் தூசியை அகற்றும். பிறகு நாசித் துளைகளை மூடிக்கொண்டு, உதடுகளைக் குவித்துக் கறையானை உறிஞ்சும். உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

பழக்காலம் வந்தால் நாவல், அத்தி, இலந்தை ஆகியவற்றைத் தேடிச் செல்லும்; கொன்றைக் காயையும் விரும்பித் தின்னும். தின்ற பழங்களின் விதைகளைக் காடெங்கும் தன் எச்சத்தின் வழியே விதைத்துச் செல்வதால், கரடியைக் கூலி வாங்காத தோட்டக்காரன் என்றே சொல்லலாம். தேனுக்காக மரம் ஏறும். கொட்டும் தேனீக்களைப் பொருட்படுத்தாது.

குள்ளநரியின் பந்தியும் ஏறத்தாழ இத்தகையதே, அளவுதான் சிறியது. வயல் எலி, வெட்டுக்கிளி, வண்டு, நண்டு, ஓணான், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, இலந்தைப் பழம் என அகப்பட்டதை உண்ணும். மழை பெய்து ஈசல் புறப்படும் மாலையில் இதற்குப் பெருவிருந்து. ஈசல் என்பது இறகு முளைத்த கறையானே அன்றோ? மலையிலே கரடி புற்றை உடைத்து உண்ணும் அதே கறையானை, சமவெளியில் நரி புற்றின் வாயிலில் காத்திருந்து உண்ணுகிறது. துருவப் பகுதியில் பனிக்கரடி வேட்டையாடி உண்டு எஞ்சிய கடல்நாயின் இறைச்சியை, வெண்ணிறப் பனிநரி பின்தொடர்ந்து சென்று உண்ணும் என்பர். அங்கே கரடியின் பந்தியில் நரி மிச்சம் உண்கிறது. நம் நாட்டிலோ இரண்டும் தத்தம் இடத்தில் தனித்தனிப் பந்தி அமர்ந்து உண்கின்றன; பரிமாறப்படும் பண்டம் மட்டும் ஒன்றே.

வீடும் குடும்பமும்

குடும்ப மாத இதழில் எழுதுகின்றோம் ஆதலின், இவற்றின் குடும்ப வாழ்வைச் சற்று விரித்துரைப்பது பொருந்தும்.

கரடிக்கு வீடு பாறைக்குகை. பெரும்பாறைகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று தங்கிய இடுக்குகளில், கோடையிலும் குளிர்ச்சி குன்றாத இடத்தைத் தேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் குளிர்காலத்தில் தாய்க்கரடி அக்குகையினுள் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். குட்டிகள் கண் திறவாமல் பிறக்கும். தந்தைக்கு இக்குடும்பத்தில் பங்கில்லை. வளர்ப்பு முழுதும் தாயின் பொறுப்பே. இரண்டு மாத அளவில் குகையை விட்டு வெளியே வரும் குட்டிகள், தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். தோளருகே உள்ள நீண்ட சடையைப் பற்றிக்கொண்டு, தாய் செல்லும் இடமெல்லாம் சவாரி செய்யும். தாய் புற்றுத் தோண்டும்போது இறங்கும். ஆபத்து என்று அறிந்தால் மறுபடியும் முதுகில் தாவும். ஏறத்தாழ ஒன்பது மாதம் வரை இச்சவாரி தொடரும். குட்டிகளை இவ்வாறு முதுகில் சுமந்து திரிவதை வழக்கமாகக் கொண்ட கரடி, உலகில் நம் கரடி ஒன்றே. இரண்டு ஆண்டுகள் வரை குட்டிகள் தாயை விட்டுப் பிரிவதில்லை.

குள்ளநரியின் குடும்பம் வேறு வகை. ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் வாழும். மண்ணில் வளை தோண்டி, அதற்குப் பல வாயில்களை அமைக்கும். ஒரு வாயிலில் பகை வந்தால் மறுவாயிலில் தப்பலாம். குளிர்காலத்தில் கூடி, ஏழெட்டு வாரம் சூல் சுமந்து, வேனில் தொடங்கும் வேளையில் பெண்நரி இரண்டு முதல் நான்கு குட்டிகளை ஈனும். தந்தை நரி காவல் இருக்கும், இரை கொண்டுவரும். மாலை வெயில் சாயும் நேரத்தில் குட்டிகள் வளையின் வாயிலில் வந்து ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு விளையாடும். தாயும் தந்தையும் சற்றுத் தள்ளி அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

தனித்து நின்று குட்டிகளைச் சுமக்கும் தாய் ஒருபுறம். இருவருமாய்ச் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் பெற்றோர் மறுபுறம். இவ்விரண்டு வகைக் குடும்பங்களையும் நம் ஊர்களிலும் காண்கின்றோம் அல்லவா?

கொல்லைமேட்டில் கேட்டது

கீழ்பென்னாத்தூரைச் சுற்றிய கொல்லைகளில் முதன்மைப் பயிர் வேர்க்கடலை. மணிலாக் கொட்டை என்ற பெயர் மக்கள் நாவில் மருவி, இப்பகுதியில் ‘மல்லாட்டை’ ஆகிவிட்டது. மழையை நம்பி விதைத்து, மழை பொய்த்தால் வாடி, பெய்தால் மகிழும் எளிய உழவர்கள் இவர்கள். கடலைக் கொல்லையின் வரப்பில் நின்றுகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நரியைப் பற்றி வினவினோம்.

“முன்னெல்லாம் கரம்புல வளை வளையா இருக்குங்கய்யா. நரி இருந்த மட்டும் எலி அடங்கிக் கெடந்துச்சு. இப்ப எலிதான் மிச்சம்” என்றார் அவர்.

அவருடைய சொல்லில் பெரும் உண்மை அடங்கியிருக்கிறது. பூமிக்குள் விளையும் கடலைக்கு எலி பெரும்பகை. கதிர் அறுத்த நிலத்திலும் வரப்பிலும் வளை தோண்டி, விளைச்சலைத் திருடிச் சேர்ப்பது எலியின் தொழில். அவ்வெலியை இரவெல்லாம் தேடிப் பிடிக்கும் காவலன் குள்ளநரி. ஆட்டையும் மாட்டையும் தாக்கும் வலிமை இதற்கு இல்லை. ஒருகால் கோழிக் குஞ்சைத் தூக்கலாம். அல்லது பிஞ்சுக் காயைக் கடிக்கலாம். இது செய்யும் நன்மையோடு ஒப்பிட்டால் அந்த இழப்பு அற்பமானது.

அவ்வாறாயின் நரி குறைந்தது ஏன்? நரிக்குத் தேவை அடர்ந்த காடன்று. திறந்த கரம்பும் மேய்ச்சல் நிலமுமே. மனிதன் ‘வீண் நிலம்’ என்று பெயர் சூட்டியதே நரியின் வீடு. அந்நிலம் இன்று வீட்டுமனையாகிறது, கல்நட்டு வேலியாகிறது, அல்லது ஆண்டு முழுதும் உழவாகிறது. அதனுடன், ஊர்நாய்கள் பெருகிவிட்டன. அவை நரியைத் துரத்திக் கொல்வதோடு, வெறிநோயையும் நாய்க்கொள்ளை நோயையும் அதற்குப் பரப்புகின்றன. எலிக்கு வைக்கும் நஞ்சு, எலியைத் தின்ற நரியையும் கொல்லும்.

மலையில் கரடிக்கு நேரும் இடரும் இதனை ஒத்ததே. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரும், வானாய்வுக்கூடம் அமைந்த காவலூரும் நாம் அறிந்த பெயர்கள். சாமையும் புளியும் சீத்தாப்பழமும் தேனும் அம்மலை மக்களின் வாழ்வாதாரம். கரடிக்கும் தேன்தான் வேண்டும், பழம்தான் வேண்டும். ஒரே மரத்தடிக்கு மனிதனும் கரடியும் சென்றால் மோதல் எழாமல் என்செய்யும்? பாறைகளை வெட்டிக் கல்லாக விற்கும்போது கரடியின் குகையும் அத்துடன் போய்விடுகிறது.

அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

நரியைக் கண்டு மனிதன் அஞ்ச வேண்டுவதில்லை. நரிதான் மனிதனைக் கண்டு அஞ்சுகிறது. கரடியின் நிலை அவ்வாறன்று. புலி வாழ்ந்த காட்டில் காலங்காலமாகப் பிழைத்த விலங்கு அது. தப்பி ஓடுவதைவிட எதிர்த்து நிற்பதே அதற்குப் பாதுகாப்பாக இருந்தது. அதன் பார்வை கூர்மையற்றது. செவியும் அத்துணைக் கூர்மையன்று. புற்றில் முகம் புதைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடிக்கு, பத்தடி தூரத்தில் ஆள் வந்து நிற்பதுகூடத் தெரியாது. தெரிந்த கணத்தில் திடுக்கிட்டு எழுந்து, முகத்தையும் தலையையும் நோக்கிப் பாயும். அது மனிதனை உண்பதற்காகச் செய்வதன்று, அச்சத்தால் செய்வது. ஆயினும் காயம் காயமே.

2022 நவம்பரில், தென்காசி மாவட்டத்தில் கடையத்துக்கு அருகே, சிவசைலம் செல்லும் வழியில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருசக்கர வண்டியில் சென்ற வியாபாரி ஒருவரைக் கரடி தாக்கியது. காப்பாற்றச் சென்ற இருவரையும் தாக்கியது. மூவரும் முகம் சிதைந்து மருத்துவமனையில் கிடந்தனர். வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் களக்காட்டு வனத்தில் விட்ட அக்கரடியும் உயிர் பிழைக்கவில்லை. மனிதருக்கும் துன்பம், விலங்குக்கும் மரணம். இரு தரப்பும் தோற்ற போர் அது.

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் கரடிகள் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து ஊருக்குள் வருகின்றன. கோயில் விளக்கெண்ணெயையும், கடையில் உள்ள தின்பண்டங்களையும் தேடிக் கதவை உடைக்கின்றன. எளிதில் கிடைக்கும் உணவின் வாசனையே அவற்றை அழைத்து வருகிறது.

ஆகவே, மலையடிவார ஊர்களில் வாழும் குடும்பங்கள் சில எளிய விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தனியே செல்லலாகாது. கூட்டமாகச் செல்ல வேண்டும். பேசிக்கொண்டோ, கோலால் தட்டிக்கொண்டோ நடந்தால், கரடி முன்னதாகவே அறிந்து விலகிவிடும். விடியற்காலையிலும் அந்தி மயங்கும் வேளையிலும் பாறை இடுக்குகளையும் புதர்களையும் நெருங்கக்கூடாது. தொலைவில் கண்டால் கூச்சலிட்டு ஓடாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். குட்டியைக் கண்டால் அருகில் தாய் இருக்கிறது என்று பொருள். அங்கே ஒரு கணமும் நிற்கலாகாது. தப்ப வழியின்றித் தாக்கப்பட்டால், குப்புற விழுந்து, கைகளால் பிடரியை மறைத்து, முகத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பர் வல்லுநர். வீட்டுக் கழிவையும் பழத்தோலையும் ஊரின் எல்லையில் கொட்டாதிருப்பதும் ஒரு காவலே. இவற்றைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்பது பெற்றோரின் கடமை.

தாயத்தும் நரிக்கொம்பும்

மனிதன் இவ்விலங்குகளுக்கு இழைத்த தீங்குகளுள் மூடநம்பிக்கையால் விளைந்தவை மிகுதி. கரடியின் மயிரைத் தாயத்தில் அடைத்துக் கட்டினால் குழந்தைக்குப் பயம் தெளியும் என்று நம்மவருள் பலர் இன்னும் நம்புகின்றனர். நரிக்கொம்பு வைத்திருந்தால் செல்வம் சேரும் என்று நம்பி ஏமாறுவோரும் உளர். நரிக்குக் கொம்பு ஏது? தோலையும் எலும்பையும் கொண்டு செய்யப்படும் போலிப் பொருள் அது. இல்லாத ஒரு கொம்புக்காக உயிருள்ள ஒரு விலங்கைக் கொல்வது எவ்வளவு பேதைமை!

நல்ல காரியம் கைகூடினால், ‘நரி முகத்தில் விழித்தாயோ’ என்று கேட்பது நம் வழக்கம். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பகுதியில் இந்நம்பிக்கை ஒரு விழாவாகவே வளர்ந்துவிட்டது. பொங்கலை ஒட்டி, வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து, மக்கள் நடுவே ஓடவிட்டுப் பின்னர் காட்டில் விடுவர். இதனை ‘வங்காநரி ஜல்லிக்கட்டு’ என்பர். மழையும் விளைச்சலும் பெருகும் என்பது அவ்வூர் மக்களின் எண்ணம். தீய நோக்கம் அவர்களுக்கு இல்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும், ஆரவாரத்தின் நடுவே நடுங்கி ஓடும் மூன்று கிலோ எடையுள்ள உயிரின் வேதனையை எண்ணிப் பார்க்க வேண்டும். தை மாதம் அது சூல்கொள்ளும் பருவம். வனத்துறையினர் தடுத்தும், அபராதம் விதித்தும் வருகின்றனர். நரி முகத்தில் விழிப்பது நன்மை எனில், அந்நரி தன் வளையில் நலமாக வாழும்போது வரப்பில் நின்று விழிப்பதே அதனினும் நன்மை.

கரடிக்கு நேர்ந்த கொடுமை இதனினும் பெரிது. குட்டியைத் தாயிடமிருந்து பறித்து, மூக்கில் துளையிட்டுக் கயிறு கோத்து, தெருத்தெருவாக ஆட வைத்த கரடி வித்தையை நம்முள் மூத்தோர் கண்டிருப்பர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்தது. எனினும் முற்றிலும் ஒழிய முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கரடியையே நம்பிப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கு வேறு தொழிலும், பிள்ளைகளுக்குக் கல்வியும் கொடுத்த பின்னரே அவர்கள் கயிற்றை அவிழ்த்தனர். 2009-இல் கடைசி ஆட்டக் கரடி மீட்கப்பட்டது. தண்டனையால் மட்டும் இயலாதது, ஏழையின் அடுப்பெரிய வழி காட்டியபோது இயன்றது. இப்படிப்பினை எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும்.

மறைநூல் காட்டும் கரடியும் நரியும்

திருமறை ஏடுகளிலும் இவ்விரு விலங்குகள் இடம்பெறுகின்றன. ஆடு மேய்த்த இளைஞன் தாவீது, தன் மந்தையைத் தாக்கிய கரடியை எதிர்த்தான். குட்டியைப் பறிகொடுத்த பெண்கரடியின் சினத்தை மறைநூல் ஆசிரியர் உவமையாக எடுத்தாள்கின்றனர். அது நம் நாட்டுக் கரடியன்று, பழுப்புக் கரடி. ஆயினும் தாயின் உள்ளம் எந்நாட்டுக் கரடிக்கும் ஒன்றே.

சிம்சோன் முந்நூறு நரிகளைப் பிடித்த வரலாறும் நாம் அறிந்ததே. அங்கே வரும் எபிரேயச் சொல், தமிழில் நரி என்பதைப் போலவே, பெரிய நரியையும் சிறிய நரியையும் ஒருங்கே குறிக்கும் என்பர் அறிஞர். கூட்டமாக வாழும் பெரிய நரியாகவே அவை இருந்திருக்கலாம் என்பது சிலர் கருத்து. ஏரோதை நரி என்று அழைத்தார் நம் ஆண்டவர். அதே ஆண்டவர், நரிகளுக்கும் தங்க வளை உண்டு, தமக்கோ தலைசாய்க்க இடமில்லை என்ற கருத்தினைத் தம்மைப் பின்பற்ற வந்தவரிடம் கூறினார். கலிலேயாவின் மேட்டு நிலத்தில் நரியின் வளையை அவர் கண்டிருக்க வேண்டும். வீடற்ற தம் நிலையைச் சொல்ல, வீடு பெற்ற எளிய உயிராக நரியையே அவர் சுட்டினார். அந்த நரிக்கும் இன்று வளையில்லாமற் செய்துவிட்டோமெனில், அவ்வுவமையின் பொருள் நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு விளங்கும்?

நம் கையில் உள்ளவை

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் நம் கரடியை ‘அழிவுக்கு உள்ளாகக்கூடியது’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. உலகில் 20,000-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் என்பது மதிப்பீடு. அவற்றுள் பெரும்பகுதி இந்தியாவில்தான். கர்நாடகத்தில் தரோஜி என்னுமிடத்தில் 1994-இல் கரடிகளுக்கென்றே ஒரு சரணாலயம் நிறுவப்பட்டது. 2022 முதல் அக்டோபர் 12-ஆம் நாள் உலகக் கரடி நாளாக இவ்வினத்துக்கென்று கொண்டாடப்படுகிறது. குள்ளநரிக்கு அவ்வாறான நாளும் இல்லை; பெயர்பெற்ற சரணாலயமும் இல்லை. அழிவின் விளிம்பில் இல்லை என்று பட்டியல்கள் அதனைக் குறிப்பதால், அதன் குறைவை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிய விலங்குக்குக் கிடைக்கும் கவனம் சிறியதற்குக் கிடைப்பதில்லை. மனிதர் நடுவிலும் இவ்வாறுதானே நிகழ்கிறது?

கரடியைக் காக்க மலையும் குகையும் வேண்டும். அது பெரும்பாலும் அரசின் பணி. நரியைக் காக்க வேண்டியதோ கரம்பும் வரப்பும் மேய்ச்சல் நிலமும். அது ஊராரின் பணி, உழவரின் பணி, நம் ஒவ்வொருவரின் பணி. கொல்லை மூலையில் ஒரு வளையைக் கண்டால், புகைமூட்டி அடைக்காமல் விட்டுவிடலாம். எலிநஞ்சைக் கண்ட இடமெல்லாம் தூவாதிருக்கலாம். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடலாம். அது நம் பிள்ளைகளையும் காக்கும், நரியின் பிள்ளைகளையும் காக்கும். ஊர்ப் புறம்போக்கு நிலத்தில் ஒரு பகுதியாவது புல்லாகவே கிடக்கட்டும் என்று கிராமசபையில் எழுந்து சொல்லலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை.

கோடை விடுமுறையில் அண்ணாமலையையும் செஞ்சிக் கோட்டையையும் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், வழியில் கீழ்பென்னாத்தூரில் சற்று இறங்குங்கள். கொல்லைமேட்டில் மாலைப் பொழுதில் ஒரு கால்மணி நேரம் அமைதியாக நில்லுங்கள். வடமேற்கே நீலமலையைச் சுட்டி, அங்கே ஒரு தாய் தன் குட்டியை முதுகில் சுமந்து நடக்கிறாள் என்று சொல்லுங்கள். காலடியில் உள்ள கரம்பைச் சுட்டி, இங்கே ஒரு தந்தை தன் பிள்ளைகளுக்கு இரை தேடிப் புறப்படுகிறான் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் எஞ்சிய கேள்விகளைத் தாமே கேட்பார்கள். அவர்கள் வளர்ந்து தம் பிள்ளைகளை அழைத்து வரும் நாளிலும், அம்மலையில் கரடியும் இக்கரம்பில் நரியும் இருக்கச் செய்வது நம் தலைமுறையின் கையில் இருக்கிறது.